மூணு நிமிஷம் லேட்டானா குடி முழுகிடுமா?

கைய வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம போன வாரம் எங்க காலேஜ் வாட்ஸப் குரூப்புல ஒரு வரி தட்டிட்டேன். "திண்டுக்கல் டவுனுக்குள்ள எல்லா வண்டிக்கும் 30 கிலோமீட்டர்தான்னு லிமிட் வெச்சா என்னடா?" அவ்ளோதான் மக்களே. அரை மணி நேரத்துல நாப்பத்தஞ்சு மெசேஜ். "மாப்ள, மாட்டு வண்டி வாங்கித் தரட்டா?" "பெங்களூர் டிராஃபிக்ல மூளை கொழம்பிருச்சு." "முதல்ல ரோட்டைப் போடச் சொல்லு, அப்புறம் லிமிட்டைப் போடலாம்." ஒரு நல்லவன் மலைக்கோட்டை போட்டோவைப் போட்டு, "நீ மேல ஏறி உக்காந்துக்க, கீழ நாங்க வண்டி ஓட்டிக்கிறோம்"னான். அங்க பதில் சொன்னா ஸ்டிக்கர்தான் திரும்பி வரும். அதான் இங்க வந்து புலம்புறேன்.

அந்த வரிய எழுத வெச்சது எங்க அக்கா வீட்டு சைக்கிள். அக்கா பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா. அரசு உதவி பெறும் பள்ளிங்கறதால விலையில்லா சைக்கிள் கெடச்சுது. 2001-ல ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்ச திட்டம், 2005-க்கு அப்புறம் அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில பதினொண்ணாவது படிக்கிற எல்லாருக்கும்னு ஆச்சு. பொண்ணுங்க படிப்பை நிறுத்தாம இருக்க இந்த ரெண்டு சக்கரம் எவ்ளோ உதவுச்சுன்னு நம்ம ஊர்ல யாருக்கும் சொல்லித் தர வேணாம். ஆனா அக்கா வீட்ல அந்த சைக்கிள் மேல பாவாடை, துண்டு காயுது. பள்ளிக்கூடம் ரெண்டரை கிலோமீட்டர். போறது வேன்ல. ஏன்க்கான்னு கேட்டா, "பழனி ரோட்டை அவ எப்படிடா தாண்டுவா?"ன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க. நின்னு பாத்தாத்தான் தெரியுது, அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல.

இங்கதான் நம்மாளுங்க ஒண்ணை கவனிக்க மாட்டேங்கறாங்க. பயந்து போய் சைக்கிளை ஓரங்கட்டின ஒவ்வொரு புள்ளைக்கும் பதிலா ரோட்டுக்கு ஒரு ஸ்கூட்டியோ, வேன்ல ஒரு சீட்டோ கூடுது. காலைல எட்டே முக்காலுக்கு எந்தப் பள்ளிக்கூட வாசல்லயும் போய் நின்னு பாருங்க. அந்த நெரிசல்ல முக்காவாசி, ரோடு பயமா இருக்குன்னு புள்ளைய வண்டில கொண்டாந்து விடுறவங்க. அவங்க வண்டியப் பாத்து இன்னொரு அம்மா பயந்து அவங்களும் ஸ்கூட்டி வாங்குவாங்க. அப்புறம், "திண்டுக்கல்ல டிராஃபிக் தாங்கல மச்சி"ன்னு குரூப்புல வேற புலம்பல்.

சரி, கணக்குக்கு வருவோம். படிச்சது மெக்கானிக்கல், புடுங்குறது சாஃப்ட்வேர் ஆணி. இருந்தாலும் இந்த அளவுக்கு ஞாபகம் இருக்கு. ஊரோட ஒரு மூலைல இருந்து இன்னொரு மூலைக்கு நாலு கிலோமீட்டர்னு வைங்க. எங்கயும் நிக்காம 50-ல போனா 4 நிமிஷம் 48 செகண்ட். 30-ல போனா 8 நிமிஷம். வித்தியாசம் மூணு நிமிஷத்துக்கு மேல கொஞ்சம். அதுவும் சிக்னல், மாடு, எதிர்ல வர்ற மினி பஸ், நடு ரோட்ல நின்னு கதை பேசுற நம்ம சொந்தக்காரன் எதுவுமே இல்லாத கற்பனைத் திண்டுக்கல்ல. நெசத்துல மணிக்கூண்டு பக்கம் 50-ல முறுக்குறவன் அடுத்த முக்குல பிரேக்கடிச்சு நிக்கிறான். பின்னாடி 30-ல வந்தவன் பக்கத்துலயே வந்து நிக்கிறான். மிச்சம் பெட்ரோல் செலவுதான்.

இன்னொரு கணக்கு இருக்கு. திடீர்னு ஒரு குழந்தை குறுக்க ஓடி வருது. மூளைக்கு உறைச்சு கால் பிரேக்குக்குப் போக ஒரு செகண்ட்னு வெச்சுக்குவோம். 30-ல வர்ற கார், நல்ல ரோட்ல சுமார் 13 மீட்டர்ல முழுசா நின்னுரும். 50-ல வர்ற கார் அதே 13 மீட்டரைத் தாண்டும்போது இன்னும் பிரேக்கே பிடிச்சிருக்காது. முதல் வண்டி நின்ன அதே இடத்துல ரெண்டாவது வண்டி முழு 50-ல மோதும். மோதுற வேகத்தோட சக்தி கிட்டத்தட்ட 2.8 மடங்கு. இதுக்கு "நான் நல்லா ஓட்டுவேன்"கிறது பதில் கிடையாது.

நானும் யோக்கியன் இல்லீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி பைக்குல அம்பதுக்கு மேல போய், சைக்கிள்ல வாழைத்தாரு கட்டிட்டு வந்த ஒரு பெரியவருக்கு ஒரு முழம் தள்ளி நின்னேன். திட்டினா கூடப் பரவால்ல. "பாத்துப் போப்பா"ன்னுட்டுப் போய்ட்டாரு. எனக்குத்தான் கை நடுக்கம் நிக்க ரொம்ப நேரமாச்சு.

2022-ல இந்தியா முழுக்க ரோட்ல செத்தவங்க 1,68,491 பேர். அதுல நடந்து போனவங்க 32,825. 'அதிவேகம்'தான் காரணம்னு எழுதப்பட்ட சாவு 71 சதவீதம். இந்த 71-ஐ நான் அப்படியே நம்ப மாட்டேன். நம்ம எஃப்.ஐ.ஆர்.ல 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' ஒரு அச்சு வாசகம். பாதி குறைச்சுக்கிட்டாலும் அந்த நம்பர் சின்னது இல்ல, அம்புட்டுதான்.

இது ஏதோ வெள்ளைக்காரன் விளையாட்டுன்னு நெனைக்காதீங்க. சென்னைல 2023 ஜூன்ல பகல்ல 40, ராத்திரி 50னு கேமரா வெச்சுப் பிடிக்கப் போறோம்னதும் ஊரே சிரிச்சுது. அதே நவம்பர் 4-லருந்து புது லிமிட் வந்துச்சு: காருக்கு 60, கனரக வண்டிக்கும் டூவீலருக்கும் 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதித் தெருக்கள்ல எல்லாத்துக்கும் 30. இந்தக் கடைசி வரிய யாரும் பெருசா பேசவே இல்ல. எனக்கு அதுதான் முக்கியமான வரி. பிரஸ்ஸல்ஸ்ல 2021 ஜனவரில ஊர் முழுக்க 30 ஆக்குனாங்க, பயண நேரம் அப்படியேதான் இருந்துச்சு. வேல்ஸ்ல 2023 செப்டம்பர்ல 30 மைலை 20 மைலா குறைச்சதும் லட்சக்கணக்குல கையெழுத்துப் போட்டு எதிர்த்தாங்க. அடுத்த வருஷம் அந்த ரோடுகள்ல அடிபட்டவங்க கால்வாசிக்கு மேல குறைஞ்சாங்க.

நம்ம ஊருக்கு இதுல ஒரு வசதி வேற. மதுரை, கரூர்னு நேரா போற வண்டிக்கு நாலு வழிச்சாலை ஊருக்கு வெளியவே இருக்கு. டவுனுக்குள்ள வர்றவன் டவுன்ல வேலை இருக்கிறவன்தான். அவனுக்கு எதுக்கு 60?

எதிர்க்கேள்வில ரெண்டு நியாயமானது. ஒண்ணு, பலகை மாட்டினா மரத்துக்குப் பின்னாடி நின்னு வசூல் பண்ணத்தான் ஆகும்கிறது. ஒத்துக்கறேன். மோட்டார் வாகனச் சட்டம் 112-வது பிரிவுல மாநில அரசோ, அது அதிகாரம் குடுத்த அதிகாரியோ ஒரு ஊருக்கோ ரோட்டுக்கோ தனி லிமிட் வைக்கலாம். ஆனா பலகையப் பாத்து எவனும் குறைக்க மாட்டான், ரோடு குறைக்க வைக்கணும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஸ்பீடு பிரேக்கருக்கு அளவே குடுத்திருக்கு: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25-ல போனா அலுங்காம ஏறி இறங்கலாம். நம்ம தெருவுல இருக்கறது பனைமரத்தைப் படுக்கப் போட்டு மேல தார் ஊத்தின மாதிரி, வெள்ளைக் கோடும் கெடையாது. அதைப் பாத்துட்டு ஸ்பீடு பிரேக்கரே தப்புன்னா நான் என்ன பண்ண?

ரெண்டாவது, பஸ்ஸு. பிரைவேட் பஸ் டிரைவரைத் திட்டுறது ஈஸி. அவருக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி ஒரு வண்டி, ரெண்டு நிமிஷம் பின்னாடி ஒரு வண்டி. ஸ்டாண்டுக்குள்ள ஒரு நிமிஷம் லேட்டானா டைம் கீப்பரோட சண்டை, கலெக்சன் பூரா அடுத்தவனுக்கு. டவுனுக்குள்ள 30னு சொல்றவங்க அந்த டைமிங் ஷீட்டையும் சேத்து மாத்தி எழுதித்தான் ஆகணும். இதைச் செய்யாம லிமிட் மட்டும் போட்டா, அது அந்த டிரைவர் தலைல கட்டுற பாவம்.

"நடக்காது"ன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா. தைப்பூசத்துக்கு முன்னாடி பழனி ரோட்ல போய்ப் பாருங்க. காரைக்குடி, சிவகங்கைப் பக்கத்துல இருந்தெல்லாம் காவடியும் கம்புமா நடந்து வர்ற கூட்டம். குரூப்புல குதிச்ச அதே பயலுக அன்னைக்கு மட்டும் முப்பதுக்கும் கீழ உருட்டுறானுங்க, ஹாரனும் அடிக்கறதில்ல. அப்பவும் இருட்டுல எவனாவது வந்து ஏத்தத்தான் செய்யறான், அது வேற வயித்தெரிச்சல். ஆனா அந்தப் பத்து நாள்ல லேட்டாப் போயி எவன் வேலையும் போனதா நான் கேள்விப்படல. முருகனுக்கு நடக்கறவங்களுக்குக் குடுக்கிற வழிய, பள்ளிக்கூடத்துக்குப் போறவளுக்குக் குடுக்க மட்டும் ஏன்டா வலிக்குது?

ஞாயித்துக்கிழமை அந்த சைக்கிளைத் தொடச்சு, செயினுக்கு எண்ணெய் விட்டு, காத்தடிச்சு வெச்சுட்டு வந்திருக்கேன். பொண்ணு தெருவுக்குள்ள நாலு ரவுண்டு ஓட்டினா. பூட்டுச் சாவிய அக்கா இன்னும் பீரோவுக்குள்ளதான் வெச்சிருக்காங்க.