"பரீட்சையே வேண்டாம்" என்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்!



அரூரில் அஸர் தொழுகை முடிந்து மக்தபுப் பிள்ளைகள் வந்து அமரும் வேளையில், ஒரு தகப்பனார் நம்மிடம் வண்ணத்தாள் ஒன்றைக் காட்டினார். "வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். நீட் வேண்டாம். எந்தப் பரீட்சையும் வேண்டாம்" என்று அதில் அச்சிட்டிருந்தது. அவருடைய மகன் அவ்வாண்டு நீட் தேர்வில் தகுதி பெறவில்லை. "முன்பணம் கேட்கிறார்கள் ஹழ்ரத். அரை ஏக்கர் நிலத்தை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன். இஸ்திகாரா தொழுதேன், மனம் சரி என்கிறது" என்றார்.

"இஸ்திகாராவுக்கு முன்னால் மஷ்வரா இருக்கிறது பாய். விவரம் அறிந்தவரிடம் கேட்டீர்களா?" என்று கேட்டோம். அவர் கேட்டிருந்தது அந்தத் தரகரை மட்டுமே. விற்பவரிடமே சரக்கின் தரத்தை விசாரிப்பது எப்படி மஷ்வரா ஆகும்?

இந்த ஒரு தகப்பனாரோடு முடிகிற செய்தியாக இருந்தால் நாம் எழுத வந்திருக்க மாட்டோம். வெளிநாட்டுப் படிப்புக்கான தேர்வுகளைப் பற்றி நம் சமுதாயத்தில் நிலவும் அறியாமையே இன்று சிலருக்கு வியாபாரமாகிவிட்டது. அந்த வியாபாரத்தைக் கண்டிப்பதோடு, அதற்கு இடம் கொடுத்த நம்மையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

உண்மை என்ன? அந்த வண்ணத்தாளில் இருப்பது பாதி உண்மை. சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் நீட் மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. அதைக் கேட்பது இந்தியச் சட்டம். 2018 முதல், வெளிநாட்டில் மருத்துவம் பயின்று தாய்நாட்டில் தொழில் செய்ய விரும்பும் இந்திய மாணவர் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். அந்த மதிப்பெண் வெளிநாட்டுச் சேர்க்கைக்கு 3 ஆண்டுகள் செல்லும். அது இல்லாமல் போனவர், படித்துத் திரும்பியபின் எஃப்.எம்.ஜி.இ. எனும் உரிமத் தேர்வுக்கே அனுமதிக்கப்படார். போகும் வாசல் திறந்திருக்கும், திரும்பும் வாசல் அடைபட்டிருக்கும். தரகர் முதல் வாசலை மட்டும் காட்டிப் பணம் வாங்குகிறார்.

நீட் தகுதியோடு சென்றவருக்கும் வழி எளிதன்று. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, படிப்பு குறைந்தது 54 மாதங்கள் ஆங்கில வழியில் நடந்திருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும். பட்டம் பெற்ற நாட்டிலேயே மருத்துவராகப் பணியாற்றும் தகுதியும் வேண்டும். இந்தியா திரும்பி மேலும் 12 மாதப் பயிற்சி உண்டு. உரிமத் தேர்வில் 300 வினாக்கள், தேற 150 மதிப்பெண். பல சுற்றுகளில், எழுதியவர்களில் நான்கில் ஒரு பங்கினர்கூடத் தேறவில்லை. இவற்றில் எந்த வரி அந்த வண்ணத்தாளில் இருந்தது?

மருத்துவம் அல்லாத படிப்புகளிலும் இதே குழப்பம்தான். பெற்றோர்கள் மூன்று வகைத் தேர்வுகளைப் பிரித்தறிய வேண்டும். மொழித் தேர்வு ஒன்று. ஐ.இ.எல்.டி.எஸ். அத்தகையது. படித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் என நான்கு திறன்களை 0 முதல் 9 வரை அளக்கும். முடிவு பொதுவாக 2 ஆண்டுகளே ஏற்கப்படும். இரண்டாவது, சேர்க்கைத் தேர்வு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் கருத்தில் கொள்ளும் எஸ்.ஏ.டி. இவ்வகை. மூன்றாவது, தொழில் உரிமத் தேர்வு. ஒன்றில் தேறியவர் மற்றொன்றில் தேறியவர் ஆகமாட்டார். "ஐ.இ.எல்.டி.எஸ். தேவையில்லை" என்ற ஒரு வாக்கியத்தை "எந்தத் தேர்வும் தேவையில்லை" என்று கேட்கும்படி சொல்வதுதான் தரகரின் திறமை.

எஸ்.ஏ.டி. தேர்வையே எடுத்துக்கொள்வோம். இப்போது அது கணினியில் நடக்கிறது. மொழிக்கு 54 வினாக்கள், கணிதத்துக்கு 44 வினாக்கள், 2 மணி 14 நிமிடங்கள், மொத்தம் 1600 மதிப்பெண். ஒவ்வொரு பகுதியின் முதற்பாதியில் தரும் விடைகளைப் பொறுத்தே அடுத்த பாதியின் கடினம் அமையும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. நீட்டிலோ ஒவ்வொரு தவறுக்கும் 1 மதிப்பெண் குறையும். நீட்டுக்குப் பழகிய பிள்ளை எஸ்.ஏ.டி.யிலும் தெரியாத வினாவை விட்டுவிட்டு வந்தால், அது அறிவின் குறையன்று, தேர்வை அறியாத குறை. இதைச் சொல்லித்தரப் பெரிய செலவு ஆகாது. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் மாதிரித் தேர்வுகளும், கான் அகாடமியின் பாடங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

2020இல் கொரோனாவை முன்னிட்டுப் பல பல்கலைக்கழகங்கள் எஸ்.ஏ.டி.யைக் கட்டாயமில்லை என்றன. 2022இல் எம்.ஐ.டி.யும், 2024இல் ஹார்வர்டும் மீண்டும் கட்டாயமாக்கின. ஆகவே ஒரு கல்லூரியின் விதி மற்றொன்றின் விதியன்று. சென்ற ஆண்டின் விதி இவ்வாண்டின் விதியாக இருக்க வேண்டியதுமில்லை. சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் சொந்த அறிவிப்பைப் படிப்பதே வழி.

"இந்தப் பரீட்சைகளெல்லாம் காஃபிர்கள் கண்டுபிடித்தவை, நமக்கு தவக்குல் போதும்" என்று சொல்வோரும் நம்மிடையே உண்டு. வரலாற்றை அவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். கி.பி. 931இல் பாக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவறால் நோயாளி இறந்தபோது, கலீஃபா அல்முக்ததிர், தேர்வில் தேறாத எவரும் மருத்துவம் பார்க்கலாகாது என ஆணையிட்டார். ஸினான் இப்னு ஸாபித் தேர்வு நடத்தினார். அந்நகரில் மட்டும் ஏறத்தாழ 860 பேர் தேர்வுக்கு உட்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அதே பாக்தாதில், 100 ஹதீஸ்களின் அறிவிப்பாளர் தொடர்களை மாற்றிவைத்து இமாம் புகாரி அவர்களையே அறிஞர்கள் சோதித்தனர். இமாமவர்கள் சினம் கொள்ளவில்லை. ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் சேர்த்துக் காட்டினார்கள். சோதித்து ஏற்பது நம் மரபு. உயிரையும் மார்க்கத்தையும் சோதிக்காமல் ஒப்படைப்பதுதான் நம் மரபுக்கு அந்நியமானது.

இதனால் எல்லாத் தேர்வும் நீதியானது என்று நாம் சொல்லவில்லை. நீட் தேர்வு கிராமப்புற, ஏழை, தமிழ்வழி மாணவர்களைப் பின்தள்ளுகிறது என்று 2021இல் நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு அறிக்கை அளித்தது. நம் அரூர்ப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தாலே அது புரியும். அந்த அநீதியை எதிர்த்துப் பேசுவது கடமை. ஆனால் தேர்வு அநீதியானது என்பதைக் காரணம் காட்டி, தேர்வே இல்லை என்று பொய் சொல்பவரிடம் பிள்ளையை ஒப்படைப்பது இன்னோர் அநீதி. அதை நாமே நம் பிள்ளைக்குச் செய்கிறோம்.

உள்ளூரில் உள்ளதை அறியாமலும் பலர் வெளிநாட்டை நினைக்கிறோம். தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மாநிலத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. 6ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. இவற்றை நிலம் விற்கும் முன் எத்தனை பேர் விசாரித்தோம்?

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கிறோம். மஹல்லாவில் திருமண மண்டபத்துக்கு வசூல் செய்ய ஆள் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளையின் விண்ணப்பத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் உண்டா? ஆண்டுக்கு ஒரு முறை, ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம், படித்த இளைஞர்கள் இருவரை அமர்த்தி ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் வழிகாட்டினால் போதுமே! மத்ரஸா ஆசிரியர்களாகிய நாமும், "அது துன்யா விஷயம்" என்று ஒதுங்கிய குற்றத்திலிருந்து தப்ப முடியாது.

பெற்றோர்களே, குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது. தரகர் சொல்லும் ஒவ்வொரு வாக்கையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மேலே உலர்ந்த தானியத்தைப் பரப்பி அடியில் ஈரமானதை மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை நாம் மிம்பரில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். கையை உள்ளே விட்டுப் பார்த்ததால்தான் அந்த ஈரம் தெரிந்தது என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

அந்தத் தகப்பனார் நிலத்தை விற்கவில்லை. மகன் மீண்டும் நீட்டுக்குப் படிக்கிறார். தேறுவாரா என்பது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் அவர் எந்த வாசலில் நிற்கிறார் என்பது இப்போது அவருக்கும் தெரியும், அவருடைய தகப்பனாருக்கும் தெரியும்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும், நமக்கு விசாரித்து நடக்கும் தெளிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.