சலமாண்டர் பல்லியல்ல

பிள்ளைகள் பாடசாலையிலிருந்து கொண்டுவரும் ஆசைகளில் இப்போது அக்ஸொலொட்லும் சேர்ந்துவிட்டது. நீர்த்தொட்டியில் வளரும் சலமாண்டர் வகை இது. முன்பு சப்பாத்துக் கடையில் கொடுத்த லூர்ச்சி கதைப்புத்தகத்தில் சலமாண்டரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளும் எம்மிடையே உண்டு. பெற்றோராகிய எமக்கோ, இலங்கையில் இந்த இனமே இல்லாததால், கண்டவுடன் "பல்லி" என்றுதான் வாயில் வருகிறது. வாயில் வந்தால் பரவாயில்லை, பல்லியைப்போல் வளர்த்தால் அது செத்துப்போகும்.

பல்லி சூடு தேடும். சலமாண்டர் தவளைக்கு உறவு, குளிர் தேடும். அக்ஸொலொட்லின் சொந்த இடம் மெக்சிக்கோ நகரின் சொச்சிமில்கோ ஏரி. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேலே உள்ள குளிர்ந்த நீர். தொட்டியிலும் 15 முதல் 18 பாகை வேண்டும். 20ஐத் தாண்டி நீடித்தால் சாப்பாட்டை மறுக்கும், பூஞ்சணம் பிடிக்கும். நாமோ மாரியில் ஹீற்றரைக் கூட்டிவைத்து, விருந்தினர் பார்க்கட்டும் என்று தொட்டியையும் அதனருகே வைக்கிறோம். குளிர்ந்த அறையோ கெல்லரோதான் அதற்கு நல்லது. கோடையில் நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறி பூட்டினால் இரண்டு மூன்று பாகை இறங்கும்.

தொட்டியில் நீர் நிரப்பி, வடிகட்டியைச் சில வாரம் ஓடவிட்ட பிறகே விலங்கை வாங்குங்கள். கழிவை மாற்றும் பக்டீரியா பெருக அவ்வளவு காலம் எடுக்கும். கேத்திலில் வெள்ளையாகப் படியும் கொலோன் குழாய்நீரின் கடினத்தன்மையை அது தாங்கும். சிறு கற்கள் போடவேண்டாம், விழுங்கிவிடும், மென்மணல் போதும். உணவுக்கு மண்புழு நல்லது. சோறும் சமைத்த இறைச்சியும் கூடவே கூடாது. தோலால் எதையும் உறிஞ்சும் பிராணி என்பதால், கிறீமோ சவர்க்காரமோ பட்ட கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லவேண்டும். பொன் அருகே கொட்டன்பொர்ஸ்ட் காட்டில் மஞ்சள், கறுப்பு நிறத் தீச்சலமாண்டர்கள் உண்டு. சட்டம் பாதுகாக்கும் உயிரினம், பிடித்துவர முடியாது. 2013இல் நெதர்லாந்தில் இனங்காணப்பட்ட ஒரு பூஞ்சணம் அங்குள்ள தீச்சலமாண்டர்களை ஏறக்குறைய அழித்துவிட்டது. 2015இல் எமக்கு அண்மையிலுள்ள ஐபல் பகுதியிலும் கண்டறியப்பட்டது. வீட்டில் வளர்க்க விற்கப்பட்ட ஆசிய விலங்குகளோடு வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஆகவே தொட்டிநீரை ஓடையில் ஊற்றாதீர்கள், அலுத்துப்போன விலங்கை காட்டில் விடாதீர்கள். வாங்கும்போது எங்கு பிறந்தது என்ற பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

அக்ஸொலொட்ல் பத்துப் பதினைந்து வருடம் வாழும். பிள்ளை ஆர்வம் இழந்தபின் பராமரிப்பு அம்மாவின் தலையில்தான். கோடை விடுமுறையில் லண்டனுக்கோ ஊருக்கோ போகும்போதுதான் பெரிய சோதனை. வளர்ந்த விலங்கு ஒரு வாரம் பசி தாங்கும், பூட்டிய வீட்டின் வெப்பத்தைத் தாங்காது. பக்கத்து வீட்டாரிடம் திறப்பைக் கொடுக்கும்போது, பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வதோடு தொட்டியின் வெப்பமானியைப் பார்க்கவும் காட்டிக்கொடுங்கள்.