கேட்கும் விலையும் விற்ற விலையும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைப்பேசியில் வந்த ஒரு வீட்டு விளம்பரத்தைப் பாட்டியிடம் காட்டினேன். பினாங்கு லிட்டில் இந்தியாவை ஒட்டிய தெருவில் இரண்டு மாடிக் கடைவீடு. விலை 18 லட்சம் வெள்ளி. பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கச் சொன்னார்.

"அந்த வரிசையா? மழை பெய்ஞ்சா மாடியில மூணு வாளி வைக்கணுமே. அதுக்கா பதினெட்டு லட்சம்?"

பாட்டி அதே வரிசையில் ஒரு மாடியறையில் இருபது ஆண்டுகள் வாடகைக்கு இருந்தவர். மாத வாடகை நூறு வெள்ளிகூட இல்லை. அதற்குக் காரணம் 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948-ஆம் ஆண்டு ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உரிமையாளர் நினைத்தபடி உயர்த்த முடியாது என்பதுதான் அதன் சாரம். 1997-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. வாடகைக்காரர்களுக்குக் கொடுத்த இடைக்கால அவகாசமும் 1999 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 2000 பிறந்ததும் வாடகை ஏற, ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களிலிருந்து பல குடும்பங்கள் வெளியேறின. எங்கள் குடும்பம் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்கு வந்ததும் அப்படித்தான். இதில் உரிமையாளர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நூறு வெள்ளி வாடகை வாங்கிக்கொண்டு யார்தான் கூரையை மாற்றுவார்கள்? பாட்டியின் மூன்று வாளிகளுக்கும் அந்தச் சட்டத்துக்கும் சம்பந்தம் உண்டு.

பிறகு, 2008 ஜூலை 7-ஆம் தேதி, மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அன்று முதல் கடைவீட்டைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. குடும்பம் வாழும் இடமாக இருந்தது, தங்கும் விடுதியாகவோ காப்பிக் கடையாகவோ ஆகக்கூடிய இடமாயிற்று. விளம்பரத்தில் நாம் பார்க்கும் விலை பெரும்பாலும் அந்தக் கனவின் விலைதான், வீட்டின் விலை அல்ல என்பது என் கருத்து. அதை உண்மை விலை என்று நம்பி, "இந்த ஊரில் நமக்கு இனி இடமில்லை" என்று என் வயதுக்காரர்கள் பலர் இப்போதே முடிவு கட்டிவிடுகிறார்கள். முடிவு கட்டுவதற்கு முன் விளம்பரத்தைப் படிக்கவாவது கற்றுக்கொள்ள வேண்டாமா?

முதலில் சதுர அடி. ஜார்ஜ்டவுன் கடைவீடு முன்பக்கம் குறுகி, உள்ளே நீண்டு போகும். நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு முற்றம் இருக்கும். ஒரு கணக்குக்காக, அந்த 18 லட்சம் வெள்ளி வீட்டின் நிலப்பரப்பு 1,500 சதுர அடி, இரண்டு மாடியும் சேர்ந்த கட்டடப் பரப்பு 2,600 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். நிலத்தை வைத்து வகுத்தால் சதுர அடிக்கு 1,200 வெள்ளி. கட்டடத்தை வைத்து வகுத்தால் 692 வெள்ளி. வீடு ஒன்றுதான், எண் இரண்டு. ஒரு விளம்பரம் நிலக் கணக்கிலும் பக்கத்து விளம்பரம் கட்டடக் கணக்கிலும் எழுதியிருந்தால், நாம் ஒப்பிடுவது மாங்காயையும் தேங்காயையும். அஞ்சடியையும் சேர்த்து அளந்தார்களா என்றும் கேட்க வேண்டும். கடை வாசலில் ஊரார் நடந்துபோகும் பாதைக்கு நாம் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

அடுத்தது விளம்பரம் வாய் திறக்காத விஷயம். பாரம்பரிய வட்டாரத்தில் உள்ள கட்டடங்கள் வகை பிரிக்கப்பட்டுள்ளன. முதல் வகைக் கட்டடத்தில் கை வைப்பது மிகக் கடினம். இரண்டாம் வகையில் உள்ளே ஓரளவு மாற்றம் செய்யலாம். முகப்பு, கூரை வடிவம் போன்றவற்றைக் காக்க வேண்டும். 2016-இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டத்தில் இந்த விதிகள் இருக்கின்றன. பழுது பார்க்கவே மாநகர் மன்றத்தின் அனுமதி தேவைப்படும் வீட்டுக்கு, "எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்" என்று எழுதுகிறார்கள். "பழைய அழகு மாறாதது" என்று எழுதியிருந்தால், பல ஆண்டுகளாக யாரும் ஓட்டைக்கூட மாற்றவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

விலையும் முழு விலை அல்ல. 18 லட்சம் வெள்ளி வீட்டை வாங்கினால், பெயர் மாற்றத்துக்கான முத்திரைத் தீர்வை மட்டும் 56,000 வெள்ளி. முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்து ஐந்து லட்சம் வரை 2, பத்து லட்சம் வரை 3, அதற்கு மேல் 4 விழுக்காடு என்று கூட்டிப் பாருங்கள். வழக்கறிஞர் கட்டணம் தனி.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 90 விழுக்காடு கடன் கிடைத்து, 4 விழுக்காட்டு வட்டியில் 35 ஆண்டுகள் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 7,170 வெள்ளி. அந்த வீட்டை 5,000 வெள்ளிக்கு வாடகைக்கு விட்டாலும் மாதம் 2,000 வெள்ளிக்கு மேல் கையைக் கடிக்கும். மாதம் 6,000 வெள்ளி வருமானம் உள்ள குடும்பம் தன் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் தவணைக்குப் போதாது. குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல் மூன்று மடங்குக்குள் இருந்தால்தான் வீட்டு விலை கட்டுப்படியானது என்ற அளவுகோலைக் கசானா ஆய்வுக் கழகம் தன் அறிக்கைகளில் பயன்படுத்துகிறது. அப்படிப் பார்த்தால் இந்தக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாவது 2,16,000 வெள்ளி வீடு. ஆக, 18 லட்சம் என்று எழுதியவர் மனத்தில் குடும்பம் எதுவும் இல்லை.

அந்த 18 லட்சம் எங்கிருந்து வந்தது? பக்கத்துத் தெருவில் ஒருவர் 17 லட்சம் கேட்டிருப்பார். அதைப் பார்த்து இவர் 18 கேட்கிறார். பழைய நகரத்தில் பல கட்டடங்கள் கோயில்களுக்கும் சீனர் கொங்சிகளுக்கும் வக்ஃபு வாரியத்துக்கும் சொந்தமானவை. அவை சந்தைக்கே வருவதில்லை. மீதியில் கைமாறுவது குறைவு. விற்பனை குறைந்த இடத்தில், கேட்கும் விலையைப் பார்த்தே கேட்கும் விலை வளரும். அந்த விலைக்கு யாராவது வாங்கினார்களா என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை தேட நமக்கு இடம் இருக்கிறது. மதிப்பீடு மற்றும் சொத்துச் சேவைத் துறையின் கீழ் இயங்கும் தேசியச் சொத்துத் தகவல் மையமான நாப்பிக், பதிவான விற்பனைகளின் தரவுகளை இணையத்தில் வெளியிடுகிறது. நிலத்தின் பரப்பு, விற்ற தேதி, விற்ற விலை எல்லாம் பார்க்கலாம். விளம்பரம் கொடுத்த முகவருக்குப் பதிவு எண் இருக்கிறதா என்பதையும் சொத்து முகவர் வாரியத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். கைப்பேசி வாங்கும் முன் பத்துக் காணொளி பார்க்கும் நமக்கு இது பெரிய வேலையில்லை. ஆனால் எஸ்.பி.எம். கணிதத்தில் கூட்டு வட்டி போட்ட நான், பல்கலைக்கழகம் வந்து இரண்டு ஆண்டு கழித்துத்தான் நாப்பிக் என்ற பெயரையே கேள்விப்பட்டேன்.

அந்த ஞாயிறு மாலை பாட்டியை அந்தத் தெருவுக்கே கூட்டிப்போனேன். அவர் விலையைப் பற்றி மறுபடி பேசவில்லை. அஞ்சடியில் நின்று, சுவரின் அடிப்பக்கத்தை விரலால் தேய்த்தார். புதுச் சாயம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "உப்புப் பூத்திருக்கு. சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெந்து பூசினா ஈரம் எங்கய்யா போகும்?" பழைய சுவர் மூச்சுவிட வேண்டும், சிமெந்தும் பிளாஸ்டிக் சாயமும் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும் என்று மரபுக் கட்டடங்களைச் சீரமைப்பவர்கள் சொல்வதைத்தான் பாட்டி ஒரு வரியில் சொன்னார். விளம்பரத்தில் இருந்த பன்னிரண்டு படங்களில் ஒன்றிலும் சுவரின் அடிப்பக்கம் இல்லை.

வாங்குவது இருக்கட்டும், என்னைப் போன்ற மாணவர்கள் முதலில் தேடுவது வாடகை அறை. அங்கே விலைக்குக் கீழே இன்னொரு வரி இருக்கும்: இந்தியர்களுக்கு இல்லை. சில நேரம் அதை நாசூக்காக, "இன்ன இனத்தவர் விரும்பப்படுகிறார்கள்" என்று எழுதுவார்கள். குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரப் போவதாகப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. சூலியா என்று நம்மவர் பெயரிலேயே ஒரு தெரு இருக்கும் நகரத்தில், அறை கேட்டு அனுப்பும் செய்தியில் முதலில் பெயரைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

என் கோரிக்கை பெரியதல்ல. பாரம்பரிய வட்டாரத்தில் வீடு விற்க விளம்பரம் செய்பவர் நான்கு விவரங்களைக் கட்டாயம் தர வேண்டும் என்று விதி வரட்டும்: நிலப்பரப்பும் கட்டடப் பரப்பும் தனித்தனியாக, கட்டடத்தின் வகை, நிலம் நிரந்தர உரிமையா குத்தகையா, கடைசியாகப் பதிவான விற்பனை விலையும் ஆண்டும். வாடகை விளம்பரத்தில் இனத்தைக் குறிப்பிடுவதற்குத் தடை வரட்டும். விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. உரிமையாளர் கேட்பதைக் கேட்கட்டும். எதற்குக் கேட்கிறார் என்று நமக்குத் தெரிந்தால் போதும்.

நேற்று அந்த விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். விலை 16 லட்சத்து 80 ஆயிரமாக இறங்கியிருந்தது. பாட்டியிடம் சொன்னேன். கூரையை மாற்றிவிட்டார்களா என்று கேட்டார்.