ரெண்டு ஸீட், மூணு சோதனை

நியூஜெர்ஸியில் வேலை பார்க்கும் தம்பி பையன், ‘பெரியப்பா, ஆபீஸ் போய்வர ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கட்டுமா?’ என்கிறான். தாராளமாக! மாஸ்டா மியாட்டா பாருடா. 1989-ல் வந்த முதல் மாடலுக்கு 1.6 லிட்டர் எஞ்சின். எடை ஒரு டன்கூட இல்லை. ஃபெராரி ரசிகர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பெரிய ரிப்பேர் பில் அவர்களுக்குத்தான்.

பெயின்ட் பளபளப்பில் மயங்காதே; குனி. துணிக் கூரையின் தண்ணீர் வடியும் துளை அடைத்துக்கொண்டால், கதவுக்குக் கீழே உள்ளிருந்தே துரு அரிக்கும். அங்கே தட்டிப் பார். அடுத்து, 60,000 மைலில் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேள். மூணாவது, உன் வயசுக்கு இன்ஷூரன்ஸ் எவ்வளவு? அட்வான்ஸ் கொடுக்குமுன் விசாரி.

நூறு மைல் வேகமெல்லாம் இருக்கட்டும். ஜனவரிக் குளிரில், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்டார்ட் ஆகணும். அதுதாண்டா ஸ்போர்ட்ஸ்!