ஆப்பசோடாவும் ஆற்றுமணலும்

அம்மாவின் சமையல் நோட்டில் கேக்குக்கு ஒரே ஒரு பக்கம். அதற்கு முன்பக்கம் பால் கணக்கு, பின்பக்கம் வற்றல் போட்ட தேதிகள். நடுவே நீல மையில் பதினோரு வரி. மைதா ஒன்றரை டம்ளர், சீனி ஒரு டம்ளர், டால்டா அரை டம்ளர், ஆப்பசோடா இரண்டு சிட்டிகை. அடுத்த வரி: 'முட்டை இரண்டு. இல்லாவிட்டால் புளித்த தயிர் கால் டம்ளர்.' கடைசி வரி சூட்டைப் பற்றியது: 'மணல்மேல் தண்ணி தெளித்தால் சொய்ங்னு கேட்கணும்.'

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. அகலமான அலுமினியச் சட்டியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஆற்றுமணல். அலசி, வெயிலில் காயவைத்து, சலித்து, டின்னில் போட்டு வைத்திருந்த மணல். அது சூடேறியதும் நடுவில் மாவுக் கிண்ணத்தை இறக்கி, மேலே தட்டைப் போட்டு மூடி, தட்டின்மேல் கரியடுப்பிலிருந்து இடுக்கியால் எடுத்த கங்குகளைப் பரப்புவார்கள். கீழே மணல் பொறுமையாகச் சூட்டைக் கடத்தும்; மேலே கங்கு நிறம் தரும். பிற்பாடு பிரஷர் குக்கர் வந்தபோது கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு அதே மணலை அதற்குள் கொட்டினார்கள். மேலே கங்கு இல்லாததால் கேக்கின் முகம் வெளிறியே இருக்கும். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

அந்தப் பக்கத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிற சொல் 'இல்லாவிட்டால்'. உலகம் முழுக்க வீட்டில் கேக்கும் ரொட்டியும் சுட்ட பெண்களின் வரலாறு அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். குடும்பக் குறிப்பு என்று நாம் பாசத்தோடு பேணுவதில் பெரும்பங்கு, ஒரு காலத்தில் ஒரு வீட்டில் எது கிடைக்கவில்லை என்பதன் பதிவு.

அயர்லாந்தின் சோடா ரொட்டியை எடுத்துக்கொள்வோம். அந்த நாட்டின் ஈரக் காற்றில் விளையும் கோதுமை மென்மையானது, பசைத்தன்மை குறைந்தது. ஈஸ்ட் போட்டு மணிக்கணக்கில் பொங்கவைத்தால் அந்த மாவு காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. பெரும்பாலான குடிசைகளில் ஓவனும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சோடா உப்பு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்த இரண்டு குறைக்கும் ஒரே நேரத்தில் வழி பிறந்தது. சோடாவுக்குத் துணையாக ஒரு புளிப்பு வேண்டும். அது மோராக வீட்டிலேயே இருந்தது. மோர் ஏன் இருந்தது என்பதில்தான் கதையே இருக்கிறது. மாடு வைத்திருந்த ஏழைக் குடியானவர்கள் கடைந்தெடுத்த வெண்ணெயை விற்றுக் குத்தகைக் காசு கட்டினார்கள். கார்க் நகரத்து வெண்ணெய்ச் சந்தை அந்த வெண்ணெயைக் கடல்கடந்து அனுப்பியது. வீட்டில் மிஞ்சியது மோர்.

மோரின் அமிலமும் சோடாவும் சேர்ந்த கணமே கரியமில வாயு குமிழியிடும். ஆகவே அந்த மாவைப் பிசைந்துகொண்டிருக்கக் கூடாது. நாலு தடவை புரட்டி, வட்டமாகத் தட்டி, கத்தியால் சிலுவைக் கீறல் போட்டு உடனே சூட்டுக்கு அனுப்ப வேண்டும். கீறலுக்கு இறைநம்பிக்கை சார்ந்த விளக்கமும் உண்டு. நடுப்பகுதிக்குச் சூடு போகும், சுட்டபின் நான்காகப் பிட்கலாம் என்பது அடுப்பங்கரை விளக்கம். சுடுவதற்கு மூன்று கால் வைத்த இரும்புச் சட்டி ஒன்று இருந்தது, பாஸ்டிபிள் என்பார்கள். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டிதான் எரிபொருள். அந்தக் கங்கின்மேல் சட்டி. சட்டியின் மூடிமேலும் கங்கு. இதைப் பற்றி முதலில் வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டு அலுமினியச் சட்டியும் அதன் தட்டின்மேல் சிவந்த கங்கும் கண்முன் வந்தன. அந்தப் பெண்களுக்கும் என் அம்மாவுக்கும் நடுவில் எந்தப் பேச்சுவார்த்தையும் நடந்ததில்லை. ஓவன் இல்லை என்ற நிலை இருவருக்கும் ஒரே விடையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

1845 முதல் 1852 வரை நீடித்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்குப் பிந்திய தலைமுறைகளில்தான் சோடா ரொட்டி ஏழை வீடுகளின் அன்றாட உணவாக ஊன்றியது. இன்று சுற்றுலாப் பயணிகளுக்குத் தேசியப் பெருமையாகப் பரிமாறப்படும் அந்த ரொட்டியில் திராட்சையும் முட்டையும் வெண்ணெயும் சேர்ந்துவிட்டன. பழைய ரொட்டியில் இருந்தவை மாவு, சோடா, உப்பு, மோர் ஆகிய நான்கே.

சோடாவுக்கு முன்னால் சாம்பல் இருந்தது. விறகுச் சாம்பலைக் கரைத்து, வடித்து, காய்ச்சி எடுத்த வெள்ளை உப்பை மாவில் சேர்த்து உப்பவைத்தார்கள் அமெரிக்கக் குடியேறிகள். 1790இல் அந்நாடு வழங்கிய முதல் காப்புரிமையே சாம்பலிலிருந்து அந்த உப்பை எடுக்கும் முறைக்குத்தான். 1796இல் வெளிவந்த, அமெரிக்கர் ஒருவர் எழுதிய முதல் சமையல் நூலில் அந்தச் சாம்பல் உப்பு இடம்பெற்றிருக்கிறது. எழுதிய அமெலியா சிம்மன்ஸ் தம்மைத் தலைப்புப் பக்கத்தில் 'அநாதை' என்றே குறிப்பிட்டுக்கொண்டார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் 1843இல் பேக்கிங் பவுடரைத் தயாரித்ததற்குக் காரணம், அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. சோடாவையும் உலர்ந்த அமிலத்தையும் ஒரே பொடியாக்கினார். ஈரம் பட்டால் வேலை தொடங்கும். இங்கேயும் ஓர் 'இல்லாவிட்டால்'தான்.

நம்மிடம் அந்த உப்புக்கு வந்த பெயரைப் பாருங்கள்: ஆப்பசோடா. அதை நாம் ஆப்பத்துக்கு உரியதாக்கிக்கொண்டோம். கள் ஊற்றிப் புளிக்கவைத்த ஆப்பமாவுக்குக் கள் கிடைக்காத வீட்டில் சோடா கைகொடுத்தது. பெயரே ஒரு மாற்று ஏற்பாட்டின் கதை.

இல்லாமையை ஓர் அரசாங்கமே அளந்து கொடுத்த காலமும் உண்டு. பிரிட்டனில் 1940 ஜனவரி 8ஆம் தேதி வெண்ணெய்க்கும் சீனிக்கும் பன்றி இறைச்சிக்கும் பங்கீடு தொடங்கியது. முடிந்தது 1954 ஜூலை 4ஆம் தேதி. இரண்டாம் உலகப் போர் 1945இலேயே முடிந்துவிட்டது. பங்கீட்டு அட்டை மட்டும் மேலும் ஒன்பது ஆண்டுகள் இருந்தது. போர்க்காலத்தில் பங்கீட்டுக்குள் வராத ரொட்டியை 1946 முதல் 1948 வரை அட்டைக்குள் கொண்டுவந்தார்கள். ஓர் ஆளுக்கு வாரத்துக்கு ஒரு முட்டை, அதுவும் இருந்தால். வெண்ணெய் இரண்டு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 57 கிராம். 1942இல் அமெரிக்காவிலிருந்து முட்டைப்பொடி வந்தது. ஒரு கரண்டி பொடிக்கு இரண்டு கரண்டி தண்ணீர் கலந்தால் ஒரு முட்டை. கேக்குக்குச் சர்க்கரைப் பூச்சு கூடாது என்று 1940இலேயே தடை வந்ததால், கல்யாணத்தன்று சின்னக் கேக்கை மூடி அட்டையால் செய்த பெரிய வெள்ளைக் கேக் ஒன்றைக் கவிழ்த்து வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சின்னக் கேக்குக்கும் உறவினரெல்லாம் தத்தம் பங்குச் சீனியில் கரண்டி கரண்டியாக மிச்சம்பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இனிப்புக்குக் கேரட்டைத் துருவிப் போட்டார்கள்.

அமெரிக்காவில் முதல் உலகப் போரின்போதே 'போர்க் கேக்' என்ற ஒன்று பரவியிருந்தது. முட்டை இல்லை, பால் இல்லை, வெண்ணெய் இல்லை. உலர்திராட்சையைச் சீனியோடும் பட்டை கிராம்போடும் கொஞ்சம் கொழுப்போடும் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மாவும் சோடாவும் சேர்த்துச் சுடுவது. இதில் உள்ள அறிவை நான் வியக்கிறேன். கொதித்த திராட்சை இனிப்பையும் ஈரத்தையும் சேர்த்தே தருகிறது. முட்டையும் வெண்ணெயும் இல்லாத வெறுமையைப் பட்டையும் கிராம்பும் மறைக்கின்றன. 1930களின் பொருளாதார மந்தத்தில் அதே கேக் மறுபடி அடுப்பேறியது. இன்னொன்றில் மாவும் கோக்கோவும் சோடாவும் கலந்து தட்டிலேயே பரப்பி, மூன்று குழி தோண்டி, ஒன்றில் எண்ணெய், ஒன்றில் வினிகர், ஒன்றில் எசன்ஸ் ஊற்றி, மேலே தண்ணீர் விட்டுக் கலக்கிச் சுட்டுவிடுவார்கள். கழுவ ஒரு பாத்திரம்கூட மிச்சமிருக்காது. முட்டை சேர்க்காத தமிழ் வீடுகளில் வினிகரோ தயிரோ விட்டு இன்று குக்கரில் செய்யும் சாக்லேட் கேக், ரசாயனக் கணக்கில் அந்தக் கேக்கின் உடன்பிறப்பு.

பஞ்ச காலத்துக் கேக்கை உண்டவர்கள் அதை விரும்பி உண்டதாக நான் சொல்லமாட்டேன். பதினான்கு ஆண்டு பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்ற பெண்களிடம் போய்ச் சிக்கனம் அழகானது என்று பேசுவது கொடுமை. அட்டை ஒழிந்த நாளில் அவர்கள் மகிழ்ந்தார்கள், மகிழ்ந்தது நியாயம். பசியைப் போற்ற வேண்டியதில்லை. பசி வாட்டிய வேளையிலும், பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஏதாவது இனிப்பாக மேசைக்கு வந்தாக வேண்டும் என்று ஒருத்தி உட்கார்ந்து யோசித்தாளே, அந்த யோசனைதான் போற்றத்தக்கது. அதற்குச் சம்பளம் கிடையாது. கண்டுபிடித்தவளின் பெயரும் எங்கும் இல்லை.

இலங்கையில் ரொட்டிக்குப் பெயர் பாண், அதைச் சுடும் செங்கல் அடுப்புக்குப் போறணை. இரண்டும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொற்கள். ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வீடுகளிலிருந்து பரவிய லவ் கேக்கில் ரவை, முந்திரி, பன்னீர், தேன் இவற்றோடு முட்டையின் மஞ்சள் கரு ஏராளமாகப் போகும். அதற்கு நேர்மாறாகத் தூத்துக்குடி மக்ரூனில் வெள்ளைக் கரு, முந்திரி, சீனி மட்டுமே. போர்த்துக்கல்லின் கன்னியர் மடங்களில் துணிக்குக் கஞ்சிபோட வெள்ளைக் கருவை எடுத்துக்கொண்டதால் மிஞ்சிய மஞ்சள் கருவில்தான் அந்நாட்டு இனிப்புகள் பிறந்தன என்று சொல்லப்படுவதுண்டு. மன்னார்க் கடலின் ஒரு கரையில் மஞ்சளும் மறு கரையில் வெள்ளையும் நின்றுபோனதை நினைக்கும்போதெல்லாம், ஒரு முட்டையின் பாதியைக் கூட வீணாக்க மனம்வராத கைகள் என் கண்ணுக்குத் தெரிகின்றன.

லவ் கேக் சிக்கனப் பண்டம் அல்லதான். ஆண்டுக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்குச் செய்வது. மற்ற நாட்களுக்கு பட்டர் கேக். அதன் பழைய கணக்கில் படிக்கல்லே தேவையில்லை. தராசின் ஒரு தட்டில் முட்டைகளை வைத்து, அந்த எடைக்கு மறுதட்டில் வெண்ணெய், பிறகு சீனி, பிறகு மாவு. முட்டை சிறிதானால் கேக்கும் சிறிதாகும், பதம் மாறாது. 1929இல் ஹில்டா டியூட்ரம் தொகுத்த 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் நூல் தீவின் பல வீடுகளில் தாயிடமிருந்து மகளுக்குப் போனது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகி, ஒரு றாத்தல் பாணுக்கு விடியுமுன்னே வரிசை நின்ற நாட்களில், அப்படிப்பட்ட புத்தகங்களின் ஓரங்களில் எத்தனை 'இல்லாவிட்டால்'கள் பென்சிலில் ஏறியிருக்கும்!

தமிழ்நாட்டிலோ கோதுமையே புதிய விருந்தாளி. 1956இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட பி.எல்.480 என்ற உணவு உதவி ஒப்பந்தத்தின் வழியாகவும், 1960களின் உணவுத் தட்டுப்பாட்டிலும், அரிசியும் சிறுதானியங்களும் பழகிய அடுக்களைகளுக்கு ரேஷன் கடைக் கோதுமை வந்தது. எங்கள் அம்மாவின் பக்கம் அதற்குப் பிந்தையது. கேக் அவளுக்குப் பாட்டியிடமிருந்து வரவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் சொல்ல எழுதிக்கொண்டது. குடும்பக் குறிப்பு என்றால் ரத்த வழியில் வர வேண்டும் என்றில்லை. ஒரு வீடு அதைத் தன் இல்லாமைக்கு ஏற்ப வளைத்துக்கொண்டால் போதும், அது அந்த வீட்டுடையது ஆகிவிடும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கடைகளில் ஈஸ்ட் தீர்ந்தது, பேக்கரிகள் மூடின. பிள்ளைகளின் பிறந்தநாள் நிற்கவில்லை. பிஸ்கட்டைப் பொடித்து, பால் ஊற்றி, ஒரு பாக்கெட் ஈனோவைக் கொட்டிக் குக்கரில் வைத்தார்கள். வயிற்றுப் பொருமலுக்குக் குடிக்கும் ஈனோவில் இருப்பது சோடாவும் சிட்ரிக் அமிலமும், அதாவது ஆல்ஃபிரட் பேர்ட் கலந்த அதே கணக்கு. அந்த வாரங்களில் குக்கருக்குள் மணல் போட்ட வீடுகளும் உப்பு போட்ட வீடுகளும் உண்டு. யாரும் வரலாறு படித்துவிட்டு அதைச் செய்யவில்லை.

எனக்கு உள்ள கவலை ஒன்றுதான். வசதி வந்ததும் நாம் குறிப்பைத் திருத்திவிடுகிறோம். டால்டாவை அடித்து வெண்ணெய் என்று எழுதுகிறோம், இரண்டு முட்டை நான்காகிறது, தயிர் வரி காணாமல்போகிறது. உண்ணுவதற்கு அந்தத் திருத்தம் நல்லது. டால்டாவை நான் வாங்குவதே இல்லை. ஆனால் அடித்த வரி மறுபடி கிடைக்காது. அந்த ஆண்டு வெண்ணெய் என்ன விலை, அந்த வீட்டில் யார் முட்டை சாப்பிடமாட்டார், கரி எப்போது காஸாக மாறியது என்பதெல்லாம் அந்த வரிகளில்தான் இருக்கின்றன. கல்வெட்டைப் படியெடுப்பவர் எழுத்தைத் திருத்துவதில்லையே. வீட்டில் பழைய நோட்டு இருந்தால் அதை அப்படியே படியெடுங்கள். பக்கத்திலுள்ள பால் கணக்கையும் சேர்த்து. உங்கள் மாற்றங்களை வேறு மையில், தேதி போட்டு எழுதுங்கள். எழுதியவர் இருக்கும்போதே 'ஏன் தயிர்?' என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. தயிர் யாருக்காக எழுதப்பட்டது என்று இனி எனக்குச் சொல்ல ஆளில்லை.

போன மாதம் மகள் வெளியூரிலிருந்து போன் செய்தாள். புது ஓவன் வாங்கியிருக்கிறாள்.

"ஆச்சி கேக்குக்கு எத்தனை டிகிரிம்மா வைக்கணும்?"

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, 180 வை, முப்பத்தைந்து நிமிஷம் கழிச்சுக் குச்சி விட்டுப் பாரு என்றேன். எழுதிக்கொண்டவள் கேட்டாள், "நோட்டில அப்படியா இருக்கு?"

இல்லை என்று சொல்லி, மணலும் தண்ணீரும் பற்றிய அந்தக் கடைசி வரியை வாசித்தேன். "இருங்க, அதையும் எழுதிக்கிறேன்" என்றாள்.