பனிச்சாலையும் ஒரு மண்வாரியும்

2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையின் நீளம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். அதற்கு முன்பு ரோதாங் கணவாய் பனியால் மூடப்பட்டவுடன், லாஹுல் பள்ளத்தாக்கு ஆண்டின் ஏறக்குறைய பாதிக்காலம் வெளியுலகத் தொடர்பின்றிக் கிடக்கும். விறகும் தானியமும் தீவனமும் சேர்த்த பின்னரே அங்குள்ள மக்கள் குளிர்காலத்தை எதிர்கொண்டனர். இன்று சமவெளியிலிருந்து புறப்படும் கார், கோடைக்கால டயர்களுடனேயே அங்கு சென்றுவிடுகிறது. தொலைவைக் குறைத்த சுரங்கம் குளிரைக் குறைக்கவில்லை. 2024 டிசம்பர் இறுதியில் சோலாங்கிற்கும் சுரங்கத்திற்கும் இடையே நூற்றுக்கணக்கான வாகனங்கள் பனியில் சிக்கியபோது அது வெளிப்பட்டது.

சிக்கிக்கொண்ட காரையே பாதுகாப்பான அறையாகக் கருதுவதுதான் பெரும்பிழை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரீ மலைநகரில் இருபதுக்கும் மேற்பட்டோர் பனியில் சிக்கிய வாகனங்களில் இறந்தனர். குளிரோடு கார்பன் மோனாக்சைடு நச்சும் அங்கே காரணமாகக் கூறப்பட்டது. புகைக்குழாயைப் பனி அடைத்துக்கொள்ள, வெப்பத்திற்காக எஞ்சினை ஓடவிட்டால் அவ்வாயு காருக்குள் புகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, உறங்குபவர் விழிப்பதில்லை.

ஆகவே அவசரகாலப் பெட்டியில் முதலிடம் ஒரு சிறு மண்வாரிக்கு உரியது. அதன் முதற்பணி புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுவது. சக்கரங்களுக்கு வழி செய்வது அதற்குப் பின்னரே. குழாயைச் சரிபார்த்த பிறகு, சன்னலைச் சற்றே திறந்துவைத்து, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை இயக்கலாம். மீதி நேரத்தைக் கம்பளிதான் காக்க வேண்டும். சக்கரச் சங்கிலி, இழுவைக் கயிறு, வழுக்கும் டயரின் கீழிட ஒரு பை மணல், டார்ச் விளக்கு, பவர் பேங்க், குடிநீர், கடலைமிட்டாய் போன்ற உலருணவு, முதலுதவிப் பொருள்கள், அன்றாடம் உண்ணும் மருந்துகள் ஆகியவையும் வேண்டும். இவை அனைத்தும் ஒரு பயணப்பைக்குள் அடங்கிவிடும்.

சாலையைச் சீரமைப்பது அரசின் கடமையன்றோ என்று கேட்கலாம். கடமைதான். ஆயினும் நின்றுபோன கார்களால் சாலை நிறைந்துவிட்டால் பனி அகற்றும் எந்திரமும் நகர இயலாது. மீட்புக்குழு வந்து சேரும்வரை உயிரைத் தாங்குவது காருக்குள் இருக்கும் பொருள்களே.

இதனைத் தனிமனித விவேகத்திற்கு மட்டும் விட்டுவிடலாகாது. பயணிகளுள் பலர் வாடகைக் காரில் செல்பவர்கள். அக்காரில் என்ன இருக்கிறது என்பதை அவர்கள் அறியார். பனி பெய்யும் நாட்களில் நான்கு சக்கர இயக்க வாகனங்களையும் சங்கிலி பூட்டியவற்றையும் மட்டுமே அனுமதிக்கும் வழக்கம் மணாலிப் பகுதியில் உண்டு. அச்சோதனையோடு மண்வாரியையும் கம்பளியையும் சேர்த்துக்கொள்வது அரிதன்று. ஜெர்மனியில் முதலுதவிப் பெட்டியும் எச்சரிக்கை முக்கோணமும் ஒவ்வொரு காரிலும் இருப்பது சட்டப்படி கட்டாயம். வாடகை ஓட்டுநர் மீது மட்டும் இச்செலவைச் சுமத்தாமல், பயணிகள் திருப்பித் தரும் வகையில் மணாலியிலேயே இப்பெட்டிகளைக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். சுரங்கம் அமைத்த அரசுக்கு இது பெரிய செலவாகாது.