அலைக்கும் ஒரு கணக்கு உண்டு

இயக்கக் கணக்கைக் கண்டதும் சூத்திரத்தைத் தேடாதீர்கள். வேகம் மாறுகிறதா, மாறினால் சீராக மாறுகிறதா என்று முதலில் பாருங்கள்.

மாறாவிட்டால் சுலபம்; வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம். நாகூர் போகும் பேருந்து விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும்போது ஓட்டுநர் பிரேக் போடுகிறார். ஒவ்வொரு விநாடியும் வேகம் 2 மீட்டர் குறைந்தால் அது சீரான எதிர்முடுக்கம். 10 விநாடியில் வண்டி நிற்கும். போன தூரம் 200 மீட்டர் என்று எழுதிவிடாதீர்கள்! சராசரி வேகம் 10தானே? 100 மீட்டர்தான்.

கணக்குப் புத்தகங்களில் ரயிலும் காருமே ஓடுகின்றன. நம் காரைக்கால் கண்ட சுனாமியும் அங்கே இடம்பெற வேண்டும் என்பேன். 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்குச் சுமார் 720 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டர்தான். (அதையும் நீங்கள் ஓடி முந்த முடியாது!) இந்த வேகக் குறைவு சீரானதல்ல, கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆகவே வழியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் வேகம் மாறவில்லை என்று கொண்டு, நேரங்களைக் கூட்ட வேண்டும்.

2004 டிசம்பர் 26 காலை ஏறக்குறைய 6.30 மணிக்குச் சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது. அலை நம் கரைக்கு வர சுமார் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. சூத்திரம் அன்றும் இருந்தது. கணக்கிட்டுக் கிளிஞ்சல்மேட்டுக்கும் பட்டினச்சேரிக்கும் சொல்ல ஓர் எச்சரிக்கை மையம்தான் இல்லை. 2007இல் ஹைதராபாத்தில் அம்மையம் தொடங்கப்பட்டது. கடலடியில் பெரிய நிலநடுக்கம் பதிவானால், எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு அலை வரும் என்று அங்கே கணிக்கிறார்கள்.